பழுதுத் தட்டில் பதினொரு புத்தகங்கள்

அறுவைச் சிகிச்சை அறைக்குள் பாய்ந்து, கத்தி ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தி, என் நாத்தனாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி வந்தவள் நான்.

சரி, கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அது அறுவைச் சிகிச்சை அறை இல்லை, நூலகத்தின் பின்அறை. கத்தி இருந்தது, ஆனால் அவள் கையில்தான் இருந்தது, புத்தகத் தையலை அறுக்கிற சின்னக் கத்தி. மாடியே கிடையாது. வாசலில் இரண்டு படி உண்டு, என் முழங்காலுக்கு அதுவே மூன்று மாடி. ஆனால் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்க வேண்டியவள் படுக்கவில்லை என்பது நிஜம். அதற்கு முந்தின நாள் பிற்பகல் நான் அவள் அறையில் இருந்தேன் என்பதும் நிஜம். இடையில் நடந்ததில் என் பங்கு எவ்வளவு என்பதில்தான் தகராறு.

தகராறுக்காரி இதோ எதிரே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள்.

"எழுதுங்க அண்ணி, எழுதுங்க. முடிச்சதும் ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. எதுக்கும் பார்த்துடறேன்."

அந்த 'எதுக்கும்' என்கிற ஒரு சொல்லில் அவளுடைய அறுபது வருஷமும் அடக்கம்.

அவள் என் கணவரின் ஒரே தங்கை. பொது நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைப் பிரித்து, தைத்து, அட்டை போட்ட பைண்டர். நூலகத்தில் அவளுக்குப் 'பசையம்மா' என்று பெயர். வீட்டில் நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. பால்காரர் நேரத்துக்கு வந்துவிட்டால், "இன்னைக்கு என்ன கலந்திருக்கார்?" என்பாள். தாமதமாக வந்தால், "கலக்க இவ்வளவு நேரமா?" என்பாள். யாராவது பரிசு கொடுத்தால் பிரிப்பதற்கு முன் காதருகே வைத்து ஆட்டுவாள். மாப்பிள்ளையாக வந்தவர் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தது அழகுக்காகவோ என்று இவளுக்கு மூக்கு வியர்த்தது. தன் பர்ஸிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். "இதுல பொடி எழுத்துல என்ன இருக்கு, படிங்க." அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது போன மாசத்து டிக்கெட். இதை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்டார். தன்னைச் சந்தேகப்பட்ட முதல் மனுஷன் என்று அவரையே கட்டிக்கொண்டாள்.

அவளுடைய அறை, நாளிதழ் மேசைகளைத் தாண்டி, ஒரு குறுகிய நடையின் கடைசியில் இருந்தது. பாதிவரை வெள்ளையடித்த ஜன்னல். நடுவில் நீள மேசை. அதன் மேல் கயிறுகள் விறைப்பாகக் கட்டிய தையல் சட்டம், பசைச் சட்டி, மடிப்பைத் தேய்க்கிற வழவழப்பான எலும்புத் துண்டு. மூலையில் சக்கரமும் நீளக் கைப்பிடியும் வைத்த வெட்டும் மிஷின். ஒரு புத்தகத்தைக் கையில் வாங்கினால் அதைப் படித்தவர்களின் சரித்திரத்தையே சொல்வாள். எந்தப் பக்கத்தில் கட்டைவிரல் நின்றது, எங்கே கண்ணீர் விழுந்து காய்ந்தது, எங்கே தூங்கிப்போய் மூக்கு இடித்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அந்த நூலகத்தில் பெண்களின் உடம்பைப் பற்றி மொத்தம் பதினொரு புத்தகங்கள் இருந்தன. ஒன்றைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. காரணம், முன்பக்கக் கவுண்டர்க்காரர். நல்ல மனுஷர்தான். ஆனால் காது மந்தம். அதனால் ஊருக்கே காது மந்தம் என்று அவர் நினைப்பு. முத்திரை குத்தும்போது ஒவ்வொரு தலைப்பையும் உரக்கப் படிப்பார்.

"மாதவிலக்குக் கோளாறுகள்! பதினஞ்சு நாள்! மடிக்காம கொண்டு வாங்கம்மா!"

நாளிதழ் மேசையில் அத்தனை தலைகளும் நிமிரும். அந்த அம்மாள் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரமாட்டாள்.

ஒருநாள் என் நாத்தனார் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, யாருமே எடுக்காத புத்தகத்துக்கு எப்படி அண்ணி முதுகு ஒடியும்?"

பதினொன்றிலேயே பெரியது, நாங்கள் 'தடியன்' என்று கூப்பிட்ட அறுநூறு பக்கப் புத்தகம். அதன் முதுகு இரண்டாகப் பிளந்திருந்தது. போதாததற்கு அடிப்பக்க விளிம்பு முழுக்கத் தேநீர்க் கறை. அது இருந்த இடமும் சரியில்லை: தோட்டக்கலைப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ ஒரு பொறுப்பில்லாத பிரகிருதி அதை ரகசியமாகப் படித்து, குடித்து, கொட்டிவிட்டு ஓடியிருக்கிறது.

நாத்தனார் துப்புத் துலக்க இறங்கினாள். தோட்டக்கலை அலமாரியின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத தையல் நூல் ஒன்றைக் கட்டினாள். முதல் சந்தேகம் கவுண்டர்க்காரர் மேல். இரண்டாவது, புத்தகத் திருடன் என்று அவளே கற்பனை செய்துகொண்ட ஒருவன் மேல். மூன்றாவது என் மேல்.

"தோட்டக்கலைப் பக்கம் உங்களுக்கு என்ன அண்ணி வேலை?"

"ரோஜா வளர்க்கலாம்னு பார்க்கறேன்."

எங்கள் வீட்டில் ஒரு பூந்தொட்டிகூட இல்லை என்பதை அவள் வாயால் சொல்லவில்லை, கண்ணால் சொன்னாள். அது கிடக்கட்டும். கடைசியில் நூல் அறுந்து கையும் களவுமாக மாட்டியது, பக்கத்துத் தெருவில் துணி தைக்கிற தையல்காரி. கையில் ரோஜா வளர்ப்புப் புத்தகம். அதற்குள் வேறொரு புத்தகம்.

"ரோஜா வளர்க்கறீங்களோ?"

"ஆமாங்க."

"எந்த ரோஜாவுக்கு ரத்தப்போக்கு நிக்க மாட்டேங்குது?"

தையல்காரி அழுதுவிட்டாள். ஏழு மாதமாக அவஸ்தை. டாக்டரிடம் போனால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. தெரியாமல் போனால் திட்டுவார்களோ என்று பயம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமென்றால் அந்தக் கவுண்டர் இருக்கிறதே!

அன்று மாலையே என் நாத்தனார் பதினொரு புத்தகங்களிலும் 'பழுது' என்று சீட்டு ஒட்டித் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். பழுதான புத்தகத்தை யாரும் பதிவு செய்ய வேண்டாம், யாரும் கூவ வேண்டாம். சுவரைப் பார்த்தபடி இரண்டு முக்காலி போட்டாள். பெண்கள் கையில் ஏதாவது ஒரு பழைய கதைப் புத்தகத்தோடு வருவார்கள். "அட்டை கழண்டுடுச்சு, பசையம்மாகிட்ட காட்டணும்" என்று கவுண்டரைத் தாண்டுவார்கள். காரணம் வேண்டுமே என்று நல்ல புத்தகத்தைக் கிழித்துக்கொண்டு வந்த ஒருத்தியை மட்டும் இவள் வாசலிலேயே நிறுத்தி வறுத்தெடுத்தாள்.

வந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை. ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் குமாஸ்தாவும் அவளுடைய மேலதிகாரி அம்மாளும் ஒருநாள் அடுத்தடுத்த முக்காலியில் உட்கார நேர்ந்தது. இரண்டு பேரும் ஒரே குரலில், "பைண்டிங்குக்கு வந்தேன்" என்றார்கள். பிறகு அரைமணி நேரம் இரண்டு முதுகுகளும் ஒன்றையொன்று உளவு பார்த்துக்கொண்டிருந்தன. மாதவிலக்கு நிற்கிற காலத்து உடம்புக் கொதிப்பைப் பற்றிய பக்கம் இருவருக்குமே தேவைப்பட்டது தெரிந்ததும், மேலதிகாரி அம்மாள் தன் விசிறியைக் குமாஸ்தாவிடம் நீட்டினாளாம்.

காய்கறி விற்கிற ஒருத்திக்குப் படிக்கத் தெரியாது. கர்ப்பத்தில் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், ஏதோ சாபம் என்று நடுங்கிப்போய் வந்தாள். பசை காய்கிற நேரத்தில் நாத்தனார் அவளுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினாள். நான்காம் நாள் அவள் டாக்டரிடம் போய், "எனக்கு ரத்தத்துல எவ்வளவு இருக்கு, எவ்வளவு இருக்கணும், ரெண்டையும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வந்தாள். அந்தக் குழந்தைக்கு இப்போது மீசை முளைத்திருக்கிறது.

தலைமை நூலகருக்கும் சந்தேகம் வராமலா இருக்கும்? "ஏம்மா, பதினோரு புத்தகமும் ஆறு வருஷமா ரிப்பேரா?"

"பசை நல்லா காயணும் சார்."

இப்போது தடியனின் கதைக்கு வருகிறேன். அந்தப் பதினொன்றில் உண்மையாகவே பழுதானது அது ஒன்றுதான். பைண்டிங்கில் 'பாரம்' என்பார்கள்: பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்பு. பாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்து, பக்க எண்களைச் சரிபார்த்த பிறகுதான் ஓரத்தை மிஷினில் வெட்டுவது வழக்கம். இவள் இரண்டு தடவை சரிபார்ப்பாள். தடியனைத் தைத்த நாளில் மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருவதாகத் தகவல். அடிப்பக்கக் கறை அசிங்கமாக இருந்தது. அதைப் பார்த்தால், 'இதுதான் நீ பராமரிக்கிற லட்சணமா?' என்று கேட்பார்கள். ஆகவே தைத்த கையோடு மிஷினில் வைத்து, கறை போகும்வரை ஆழமாக ஒரே வெட்டு. வெட்டிய பிறகு எண்களைச் சரிபார்க்கலாம் என்று நினைத்தாள். வெட்டிய பிறகு பார்த்தால் எண்களே இல்லை! பக்க எண்கள் அடியில் அச்சாகியிருந்தன. அத்தனையும் கீற்றுக் கீற்றாகக் குப்பைக் கூடையில் கிடந்தன. எண் போனது போகட்டும், புத்தகம் உள்ளேதானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அடையாளம் வைக்க ஏழு நிறத்தில் நூல் தொங்கவிட்டாள். கறையில் உள்மடிப்பு ஓரமாக ஏறியிருந்த கொஞ்சம் மட்டும் தங்கிவிட்டது.

ஆறு வருஷம் கழித்து, நாற்பத்து நான்காவது வயதில், அந்தப் புத்தகம் அவளுக்கே தேவைப்பட்டது.

மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி. பரிசோதித்த பெண் டாக்டர், "பயப்படற மாதிரி இல்ல. மூணு மாசம் மாத்திரை எடுங்க, மறுபடி ஸ்கேன் பார்ப்போம், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். சொல்லும்போது சிரித்தாராம். அந்தச் சிரிப்பில்தான் வினை ஆரம்பித்தது.

"சிரிச்சாங்க அண்ணி. எதுக்குச் சிரிக்கணும்?"

"நல்ல செய்தின்னா சிரிக்க மாட்டாங்களா?"

"நல்ல செய்தியைச் சொல்லி யாராவது கையைப் பிடிப்பாங்களா? அவங்க பிடிச்சாங்க."

மறுநாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தடியனைத் திறந்திருக்கிறாள். அவள் உலகத்தில் சந்தேகப்படாத ஒரே பொருள், தன் கையால் தைத்த புத்தகம். அதில் என்ன படித்தாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் எல்லோரையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் வந்து, நாங்கள் நிறுத்தினால் குற்றம். நிறுத்தாமல் பேசினால், பேச்சை மாற்றிவிட்டோம் என்று குற்றம்.

அடுத்த புதன்கிழமை மதியம் அவள் கணவர், டைம்கீப்பர், என் வீட்டுக்கு வந்தார். டிப்போ நேரத்தில் அவர் வேறெங்கும் போகிற ஆளில்லை.

"அக்கா, அவ ரெண்டு நாளா என்னைத் திட்டவே இல்ல."

"அதுக்கு ஏன்பா முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க, கொண்டாடுங்க."

"சமையலறைல எல்லா டப்பாவுலயும் சீட்டு ஒட்டியிருக்கா. உப்பு, சர்க்கரை, சோப்புத் தூள்னு. மருந்து டப்பாவுல என் பேரு. ஒரு பையில துணி மடிச்சு வச்சிருக்கா. கேட்டா ஒண்ணுமில்லங்கறா."

பெட்டியும் படுக்கையுமாக இவரை விட்டுவிட்டுக் கிளம்புகிறாளோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நியாயமாகச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் பறந்தேன். என் வேகத்தில் பறப்பது என்றால் இருபது நிமிஷம்.

அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் மேசையில் தடியன் விரிந்து கிடந்தது.

"எங்கே கிளம்பறே?"

"எங்கேயும் இல்லையே."

"உப்பு டப்பாவுக்கு எதுக்கு உப்புன்னு சீட்டு?"

"அவருக்கு எது எங்க இருக்குன்னு தெரியாது."

"இத்தனை வருஷமா தெரியாது. இப்ப என்ன அவசரம்?"

அவள் எலும்புத் துண்டை எடுத்து, மடிப்பே இல்லாத ஒரு காகிதத்தைத் தேய்த்தாள். பிறகு, "நீங்களும் அவங்க கட்சிதானே" என்றாள்.

"யார் கட்சி?"

"டாக்டரம்மா, அவர், எங்க அண்ணன், நீங்க. எல்லாரும் சேர்ந்து மறைக்கறீங்க. அவர் தினமும் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வர்றார். ஆரஞ்சு உரிச்சுத் தர்றார். கொட்டையை வேற எடுத்துத் தர்றார்! போன வாரம் நான் போட்ட காப்பி நல்லா இருக்குன்னு சொன்னீங்க. இருபது வருஷத்துல முதல் தடவை."

"நிஜமாவே நல்லா இருந்தது."

"பார்த்தீங்களா, இன்னும் பொய்!"

அப்புறம் எல்லாம் கொட்டியது. இன்னொரு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போயிருக்கிறாள். முன்பு பார்த்த டாக்டர் என்ன சொன்னார் என்று அவர்கள் கேட்டதற்கு, "கர்ப்பப்பையையே எடுக்கச் சொல்லிட்டாங்க, சீட்டு தொலைஞ்சுபோச்சு" என்று கூசாமல் ஒரு பொய். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லாமல் போய், முடித்துக்கொண்டு, பிறகு ஆள் அனுப்புவதாகத் திட்டம்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? மாத்திரை போதும்னு டாக்டர் சொன்னாங்களே!"

"அவங்க மறைக்கறாங்க. இது மறைக்காது." தடியனை என் பக்கம் திருப்பினாள். "படிங்க."

வாங்கி உரக்கப் படித்தேன். நார்க்கட்டியைப் பற்றிய பக்கம். எங்கே வளரும், எப்படி ரத்தம் போகும், எல்லாம் அவளுக்கு இருந்தபடியே. கடைசி வரி: 'பெரும்பாலான பெண்களுக்கு இவ்வகைக் கட்டிகள்'. பக்கம் திருப்பினால் தொடர்ச்சி: 'பிற உறுப்புகளுக்குப் பரவக்கூடியவை. ஆகவே தாமதம் ஆபத்தானது. உடனடியாக அறுவைச் சிகிச்சை செய்வதே வழி.'

வாக்கியம் ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. அச்சில் இருக்கிறது. டாக்டர் ஏன் சிரித்தார்? இவளுடைய சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அரை நிமிஷம், சத்தியமாக, இவள் புருஷன் உரித்த ஆரஞ்சைக்கூட நான் சந்தேகித்தேன்.

அப்போதுதான் என் கழுகுக் கண் அந்தக் கறையில் விழுந்தது. உள்மடிப்பில் மிச்சமிருந்த தேநீர்க் கறை. நார்க்கட்டிப் பக்கத்தில் அது எலுமிச்சம்பழம் அளவு. அடுத்த தாளில், அதாவது 'பரவக்கூடியவை' இருந்த தாளில், ஒரு மிளகளவு. விரலை நக்கிக்கொண்டு மேலும் புரட்டினோம். மிளகளவு, மிளகளவு, எட்டுத் தாள். ஒன்பதாம் தாளில் திடீரென்று மறுபடி எலுமிச்சம்பழம்.

அவள் அந்தத் தாள்களை மறுபடி முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஊறுகிற தேநீர் தாளுக்குத் தாள் சுருங்கிக்கொண்டே போகும். சுருங்கிய கறை மறுபடி வளராது. ஒரு பைண்டருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"பாரம் மாறிடுச்சு," என்றாள். "நான் மாத்தித் தச்சிருக்கேன்."

சின்னக் கத்தியை எடுத்து, ஆறு வருஷத்துக்கு முன் தானே போட்ட தையலைத் தானே அறுத்தாள். பாரங்களைப் பிரித்து, கறையின் அளவை வைத்து மேசையில் வரிசையாகப் பரப்பினாள். எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், புளியங்கொட்டை, மிளகு. புற்றுநோய் அத்தியாயத்தின் ஒரு பாரம், நார்க்கட்டி அத்தியாயத்தின் நடுவில் புகுந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டுச் சரியான பாரத்தை வைத்ததும் வாக்கியம் தன் சொந்த வாலைக் கண்டுபிடித்தது: 'பெரும்பாலான பெண்களுக்கு இவ்வகைக் கட்டிகள்', அடுத்த பக்கம், 'உயிருக்கு ஆபத்தானவை அல்ல. அறிகுறிகளையும் வயதையும் பொறுத்து, காத்திருந்து கவனிப்பது, மாத்திரை, கட்டியை மட்டும் அகற்றுவது, கர்ப்பப்பையை அகற்றுவது எனப் பல வழிகள் உள்ளன.' அதற்குக் கீழே டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒன்பது கேள்விகள்.

அவள் சந்தோஷப்படவில்லை. முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஆறு வருஷமா இதை எத்தனை பேர் படிச்சாங்க!"

நார்க்கட்டிப் பக்கத்துக்கு அவள் தொங்கவிட்டது சிவப்பு நூல். சிவப்பு நூலைத் தேடிக் கேட்டு வந்தவர்கள் மூன்று பேர்தான் என்று விரல்விட்டுச் சொன்னாள். இரண்டு பேருடைய வீட்டுக்கு அப்போதே ஓடினோம். ஒருத்தி அந்த அத்தியாயத்தைப் பாதியிலேயே மூடிவிட்டு டாக்டரிடம் போயிருந்தாள். இன்னொருத்திக்குக் கட்டியே இல்லை. மாமியாருக்கு இருக்குமோ என்ற ஆவலில் படித்தவள். மூன்றாவது, தையல்காரி. அவள் கடைக்குள் நுழைந்ததும் இவள் கையைக் கூப்பாத குறையாக நின்றாள்.

"உங்களுக்கு ஆபரேஷன் ஆச்சா?"

"எதுக்கு? மாத்திரையிலேயே சரியாப் போச்சே."

"புத்தகத்துல உடனே ஆபரேஷன்னு போட்டிருந்ததே!"

தையல்காரி பல்லிடுக்கில் கடித்திருந்த ஊசியை எடுத்தாள். "போட்டிருந்தது. டாக்டர் வேண்டாம்னாரு. நான் புத்தகத்தையும் நம்பல, டாக்டரையும் நம்பல. அந்தப் பக்கத்தை எழுதி எடுத்துட்டுப் போய் அவர் மேசையில வச்சு, ரெண்டு பேரையும் மோத விட்டேன். அவர் வரிக்கு வரி பதில் சொன்னாரு. 'இந்த வரி வேற நோயோடதும்மா, புத்தகத்துல ஏதோ கோளாறு'ன்னாரு. உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன். நீங்க அன்னைக்கு யாரையோ திட்டிட்டு இருந்தீங்க. பயந்து திரும்பிட்டேன்."

வாழ்நாள் முழுக்க எல்லோரையும் சந்தேகப்பட்டவள், சந்தேகத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைத் தையல் கடையில் கற்றுக்கொண்டாள். மனசுக்குள் வைத்துப் புழுங்குவது பாதி வேலைதான். எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்துக் கேட்பதுதான் மீதி.

வியாழக்கிழமை காலை இரண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டாள். ஒன்பது மணிக்கு அவள், அவள் கணவர், நான் என மூன்று பேரும் முதல் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் தைக்காத தடியன், கயிறு போட்டுக் கட்டியபடி. ஒன்பது கேள்விகளையும் கேட்டாள். கட்டி எத்தனை, எங்கே, எவ்வளவு பெரிசு? மூன்று மாதம் காத்திருந்தால் என்ன ஆகலாம், காத்திருக்காவிட்டால் என்ன? எது நடந்தால் உடனே ஓடி வர வேண்டும்? டாக்டர் படம் போட்டு விளக்கினார். ஸ்கேன் அறிக்கையை அவள் கையிலேயே கொடுத்து எந்த எண் எதைச் சொல்கிறது என்று காட்டினார். அவள் பத்தாவதாகச் சொந்தச் சரக்கு ஒன்றைச் சேர்த்தாள்.

"அன்னைக்கு ஏன் சிரிச்சீங்க?"

"நல்ல செய்தியாச்சேன்னு சிரிச்சேன்மா."

"கையை ஏன் பிடிச்சீங்க?"

"நாடி பார்த்தேன்! உங்களுக்கு ரத்தம் குறைவா இருந்தது."

டைம்கீப்பர் தொண்டையைக் கனைத்தார். "டாக்டர், அப்ப நான் ஆரஞ்சு உரிக்கறதை நிறுத்திடலாமா?"

"கூடாது," என்றார் டாக்டர்.

மாத்திரை எடுத்தாள். மூன்று மாதத்தில் ரத்தப்போக்கு அடங்கியது; கட்டி வளரவில்லை. வளர்ந்தால் கட்டியை மட்டும் எடுத்துவிடுவது என்று அவளே முடிவு செய்து, டாக்டரிடம் எழுதியும் கொடுத்தாள். அது தேவைப்படவில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு கட்டியும் தானாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஸ்கேன் அறிக்கையில் இருப்பது தன் வயிறுதானா என்று இரண்டு தடவை பெயரைச் சரிபார்ப்பாள்.

தடியனை மறுபடி தைத்தாள். அறுநூறு பக்கத்துக்கும் தன் கையால் எண் போட்டாள், மேல் மூலையில், எந்த வெட்டுக்கும் சிக்காத இடத்தில். முதல் தாளில் ஒரு சீட்டு ஒட்டினாள்: 'இதில் படித்ததை டாக்டரிடம் கேளுங்கள். டாக்டர் சொன்னதை இதில் தேடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பைண்டரைச் சந்தேகப்படுங்கள்.' தலைமை நூலகர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அடுத்த வாரம் பின்அறையில் இன்னும் இரண்டு முக்காலிகள் வந்து சேர்ந்தன.

ஆகவே வாசகர்களே, கழுகுக் கண் ஒன்று சரியான நேரத்தில் கறையைக் கண்டது. ஓர் உயிருக்கு வரவிருந்த வீண் கத்தி விலகியது. கண் யாருடையது என்று திரும்பச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

படித்துக் காட்டி முடித்துவிட்டேன். நாத்தனார் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"ரெண்டு திருத்தம் இருக்கு அண்ணி. அன்னைக்கு நீங்க கண்ணாடியே கொண்டு வரல. படிச்சது நான், கறையைப் பார்த்ததும் நான். நீங்க பக்கத்துல உட்கார்ந்து என் கையைப் பிடிச்சுட்டு இருந்தீங்க. அதையே எழுதலாம், அது போதும்."

"ரெண்டாவது?"

"அந்தப் பொறுப்பில்லாத பிரகிருதி. டீ எங்க கொட்டுச்சோ அந்தப் பக்கத்துலதான் கறை பெருசா இருக்கும். தடியன்ல அது மார்புக் கட்டியைப் பத்தின பக்கம். அந்த மாசம் ரோஜா வளர்க்கறேன்னு தினமும் பிளாஸ்கோட நூலகத்துக்கு வந்தது ஒரே ஒருத்தர்தான். கட்டி ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் அவங்க யார்கிட்டயும் வாய் திறக்கல. நானும் கேட்கல. நீங்க அந்த டீயைக் கொட்டாம இருந்திருந்தா நான் அவ்வளவு ஆழமா வெட்டியிருக்கவே மாட்டேன், பக்க எண்ணும் போயிருக்காது. கொட்டினதாலதான் தப்பைக் கண்டும் பிடிச்சேன். அதனால காப்பாத்தினேன்னு மட்டும் எழுதாதீங்க. முதல்ல மாட்டி விட்டேன்னு எழுதுங்க."